படத்தில் பளபளக்கும் பழைய காசு: வாங்குவதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும்

இரவு பத்தரைக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு படம் வந்து விழுந்தது. "அண்ணே, இது யூஎன்சிதானே? ஏலம் முடிய இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு." யூஎன்சி என்றால் புழங்காத, தேயாத காசு. அனுப்பியது பட்டர்வொர்த்தில் இருக்கும் தம்பி. சேகரிப்பில் இறங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் நான்கு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன்.

படத்தில் 1969-ஆம் ஆண்டு ஒரு ரிங்கிட். 1959-இல் தொடங்கிய மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்குப் பத்து வயது நிறைந்ததற்காக வெளியிட்ட காசு, துங்கு அப்துல் ரஹ்மானின் முகத்தோடு. கீழே பூப்போட்ட மேசை விரிப்பு, மேலே டியூப்லைட் வெளிச்சம். விற்பவர் 'புத்தம் புதுசு, மிக அரிது' என்று எழுதியிருந்தார். இந்த மாதிரிப் படம் வந்தால் அந்த இருபது நிமிடத்தில் நான் எதையெல்லாம் பார்ப்பேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தை வைத்து மூன்று விஷயங்களைத்தான் ஓரளவு சொல்ல முடியும்: காசு தேய்ந்திருக்கிறதா, தேயாமல் இருக்கிறதா, யாராவது துலக்கியிருக்கிறார்களா. தரத்துக்கு 1 முதல் 70 வரை எண் போடுகிறார்களே, அந்த ஷெல்டன் அளவுகோலில் இது 63, இது 65 என்று கைப்பேசிப் படத்தைப் பார்த்தே அடித்துச் சொல்பவர் ஒன்று மகா கெட்டிக்காரர், இல்லையென்றால் அவரிடமே விற்க ஒரு காசு இருக்கிறது.

விளம்பரத்தில் 'வெள்ளி' என்று இருக்கிறது

இது படத்தின் கோளாறு இல்லை, சொல்லின் கோளாறு. நாம் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். டாலர் காசு நிஜ வெள்ளியில் புழங்கிய காலத்துப் பேச்சு அப்படியே நாக்கில் நின்றுவிட்டது. அதனால் '1969 ஒரு வெள்ளி நாணயம்' என்று போட்டிருந்தால் நம் ஊர்க்காரருக்கு அது ஒரு ரிங்கிட். மதுரையில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கோ அது வெள்ளிக் காசு. அவன் வெள்ளி விலையைக் கணக்குப் போட்டு ஏலம் கேட்டுவிட்டான். அந்தக் காசு செம்பும் நிக்கலும் கலந்தது, ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. மலேசிய நினைவுக் காசில் நிஜ வெள்ளிதான் வேண்டும் என்றால் 1976-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்பு வரிசையைப் பாருங்கள்: செலாடாங் காட்டெருது போட்ட 15 ரிங்கிட்டும், இருவாட்சிப் பறவை போட்ட 25 ரிங்கிட்டும்.

இன்னொரு சின்னக் குழப்பமும் உண்டு. நம் ரிங்கிட் நோட்டில் இருப்பவர் முதல் பேரரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான், 1969 காசில் இருப்பவர் முதல் பிரதமர் துங்கு. விளம்பரத்தில் இரண்டு பேரையும் ஒருவராக்கி எழுதியிருந்தால் காசு பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் அவர் எழுதியிருக்கும் மற்ற விவரங்களை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபாருங்கள்.

பளபளக்கிறது, ஆனால் ஏதோ உயிரில்லாத மாதிரி இருக்கிறது

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நானும் இங்கேதான் பாடம் படித்தேன், அதுவும் சொந்த வீட்டில்.

தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தபோது காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் ஒன்றை வேட்டி மடிப்பில் முடிந்து கொண்டுவந்தார். 1969-இல் இந்தியா வெளியிட்ட காசு: 15 கிராம், 34 மில்லிமீட்டர், நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. அது சாமி அறையில் ஒரு கிண்ணத்தில் கிடந்து, ஓரமெல்லாம் தேன் நிறமும் நீலமுமாக அழகாக நிறம் ஏறியிருந்தது. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையோடு காசையும் எடுத்து, புளியில் ஊறப்போட்டு, விபூதியால் துலக்கி வைத்துவிட்டார். "பாருடா, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்." என்ன சொல்வது? நல்லா இருக்கும்மா என்றேன்.

அந்தக் காசைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் துலக்கிய காசின் அடையாளங்கள் எனக்குப் புரிந்தன. காந்தித் தாத்தாவின் வழுக்கைத் தலை வழவழப்பான பெரிய மேடு, அதனால் எதையும் மறைக்காது. அதன் மேல் நூற்றுக்கணக்கான மயிர்க்கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. அம்மாவின் கட்டைவிரல் சுற்றிய வட்டம் அது. எழுத்துகளின் இடுக்கில் விரல் போகாததால் அங்கே பழைய கறுப்பு அப்படியே இருந்தது, அதன் மேல் ஒட்டியிருந்த விபூதி வெள்ளையாகத் தெரிந்தது. மேடெல்லாம் வெள்ளை வெளேர், இடுக்கெல்லாம் அழுக்கு. படத்தில் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் மேலே யோசிக்க வேண்டாம், யாரோ துலக்கியிருக்கிறார்கள்.

மருந்தில் முக்கி எடுத்த காசைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம், ஏனென்றால் அதில் கீறலே இருக்காது. அதற்கு ஒளியைப் பார்க்க வேண்டும். காசை அச்சடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளாக மேற்பரப்பில் தங்கிவிடும். ஒரே ஒரு விளக்கின் கீழே காசைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினால் அந்த வரிகளில் பட்ட ஒளி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி காசைச் சுற்றி ஓடும். லஸ்டர் என்று நாம் சொல்வது இதைத்தான். மருந்து ஒவ்வொரு தடவையும் கறுப்போடு சேர்த்து மேல் தோலையும் கொஞ்சம் கரைத்துவிடும். நாலைந்து முறை முக்கினால் நுண்வரிகள் போய்விடும். அப்புறம் காசு வெள்ளையாக இருக்கும், ஒளி மட்டும் ஓடாது. வெள்ளை பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும்.

அசையாத படத்தில் ஒளி ஓடுவதைப் பார்க்க வழியில்லை. அதனால் விற்பவரிடம் நான் முதலில் கேட்பது பத்து விநாடி வீடியோ. இப்படி அனுப்புவேன்: "அண்ணே, வீட்டு லைட்டை அணைச்சிட்டு, ஒரு டேபிள் லேம்ப் மட்டும் போட்டு, காசை விளிம்பில பிடிச்சு மெதுவா சாய்ச்சுக் காட்டுறீங்களா? ரெண்டு பக்கமும்." நல்ல காசு வைத்திருப்பவர் பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார். வீடியோ முடியாது என்றால், விளக்கை இடது பக்கம் வைத்து ஒரு படமும் வலது பக்கம் வைத்து ஒரு படமும் கேளுங்கள். ஒளிப்பட்டை இடம் மாறியிருந்தால் நல்லது. இரண்டு படத்திலும் காசு ஒரே மாதிரி வெளுத்திருந்தால் என் காசு என் பையிலேயே இருக்கும்.

வீடியோவில் அவர் காசை எப்படிப் பிடிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். துங்குவின் முகத்தின் மேலேயே கட்டைவிரலை வைத்து அமுக்குகிறவரிடம் இருக்கும் மற்ற காசுகளின் கதியும் அதுதான்.

முழுக்க மங்கல், சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது

உடனே ஒதுக்கிவிடாதீர்கள். அது ஸ்கேனரில் எடுத்த படமாக இருக்கலாம். ஸ்கேனர் ஒளி காசின் மேல் சீராக ஊர்ந்து போகும், அதனால் எவ்வளவு நல்ல லஸ்டரும் செத்த சாம்பலாகத்தான் தெரியும். கண்டுபிடிப்பது சுலபம்: காசுக்கு நிழலே இருக்காது, இல்லையென்றால் ஒரு பக்கத்தில் மட்டும் நூல் மாதிரி ஒட்டியிருக்கும், பின்னணி ஒரே நிறமாக இருக்கும். எழுத்துகளின் முனை கூராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூராக இருந்தால் வேறு படம் கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூர் 1972-இல் மாநகரானதற்காக வந்த ஒரு ரிங்கிட், என்னிடம் இருப்பதிலேயே அழகானது, இப்படி ஒரு ஸ்கேனர் படத்தைப் பார்த்து வாங்கியதுதான். மற்றவர்கள் அதைத் தேய்ந்த காசு என்று நினைத்து ஏலமே கேட்கவில்லை.

கன்னம் தட்டையாகத் தெரிகிறது

மூன்று காரணம் இருக்கலாம்: தேய்ந்திருக்கலாம், அச்சு சரியாக விழாமல் இருக்கலாம், கேமராவுக்கு நேர் மேலே விளக்கு இருந்திருக்கலாம். மூன்றாவதை முதலில் கழித்துவிடுங்கள். பக்கவாட்டு ஒளியில் இன்னொரு படம் வந்தால் போதும்.

மனித முகம் உள்ள எந்தக் காசிலும் முதலில் தேய்வது கன்ன மேடு, புருவம், காது விளிம்பு, முடி. காந்தி காசின் மறுபக்கத்தில் அசோகச் சிங்கத்தின் மார்பு. அந்த இடங்களில் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விரலும் துணியும் பட்டுத் தேய்ந்த இடத்தில் லஸ்டர் போய், சுற்றியுள்ள பகுதியை விட மங்கலாக, எண்ணெய் தடவின மாதிரி ஒரு வழவழப்பு இருக்கும். அச்சு சரியாக விழாத காசில் உருவம் தட்டையாக இருந்தாலும் அந்தத் தட்டை இடத்தின் மேலும் ஒளி தடையில்லாமல் ஓடும். சில சமயம் அச்சடிப்பதற்கு முன்பே தகட்டில் இருந்த சின்னச் சின்னக் குழிகள்கூட அங்கே அழியாமல் தெரியும். இரண்டு பக்கத்தின் மேடுகளும் நேர் எதிரே அமைந்தால் இரண்டையும் நிரப்ப உலோகம் பற்றாது. அதனால் முகம் தட்டையாக இருந்தால், அதே இடத்தின் மறுபக்கமும் தட்டையா என்று பாருங்கள். ஆம் என்றால் அச்சின் பக்கம் சந்தேகத்தைத் திருப்பலாம்.

கீறல் தெரிகிறது

கீறல் எங்கே முடிகிறது என்று பாருங்கள். காசின் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடினால் அது உறையின் பிளாஸ்டிக்கில் உள்ள கீறல். காசுக்குள்ளேயே முடிந்தால் இரண்டு கோணத்தில் எடுத்த படங்களை ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக் கீறல், கோணம் மாறும்போது மூக்கிலிருந்து கன்னத்துக்கு நகர்ந்துவிடும். காசில் உள்ள கீறல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்தது சமதளத்தில் மட்டும் இருக்கும் நுண்கோடுகள். அவை முகத்தின் அருகே வந்ததும் சட்டென்று நின்று, முகத்தின் மேல் இல்லாமல், அந்தப் பக்கம் மறுபடி தொடர்ந்தால் கவலையில்லை. அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கோடுகள் அவை. காசில் பள்ளமாக இருக்காது, புடைத்து இருக்கும். துணியோ பிரஷ்ஷோ பட்ட கீறல் மேடு பள்ளம் பார்க்காது. சமதளத்தில் தொடங்கி முகத்தின் மேலேறி இறங்கிப் போகும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல், அச்சுக் கோடு உள்ள அருமையான காசை 'துடைத்தது' என்று சொல்லி ஒரு நண்பருக்கு வேண்டாம் என்று அறிவுரை சொன்னவன் நான். அவர் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அங்கங்கே திக்குத் தெரியாமல் குட்டை குட்டையாக இருக்கும் வடு வேறு. சாக்கில் காசும் காசும் மோதியதால் வந்தது. தேயாத காசிலும் இருக்கும்.

பச்சையாக ஏதோ இருக்கிறது

நம் பினாங்குக் காற்றில் எப்போதும் ஈரம், போதாததற்குக் கடல் உப்பு. செம்பு கலந்த எந்தக் காசும் இங்கே களிம்பு பிடிக்கும். படத்தில் பார்க்க வேண்டியது அந்தப் பச்சையின் வடிவம். புள்ளி புள்ளியாக, பொருக்குத் தட்டி, சுற்றிலும் கறுப்பு வளையத்தோடு இருந்தால் களிம்பு உலோகத்தையே தின்றிருக்கிறது. எடுத்தால் அடியில் குழி இருக்கும். வாங்க வேண்டாம்.

மெல்லிய படலமாக, பாசி படர்ந்த மாதிரி, எழுத்துகளின் ஓரத்தில் பசையாகத் தெரிந்தால் அது பழைய மெத்தென்ற பிவிசி உறையின் வேலை. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்துத் தேய்க்காமல் எடுத்தால், ஆரம்ப நிலையில் போய்விடும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அதைப் பயன்படுத்தாதீர்கள். எவ்வளவு காலம் அது ஒட்டிக் கிடந்தது என்பது படத்தில் தெரியாது, ஆகவே விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.

தங்க நிறம், வானவில் நிறம்

தங்க நிறம் என்றால் முதலில் காசைப் பார்க்காதீர்கள். கீழே இருக்கும் தாளையோ பிடித்திருக்கும் விரலையோ பாருங்கள். வெள்ளைத் தாளும் மஞ்சளாக இருந்தால் அது பல்பின் நிறம். விற்பவர் வெள்ளை அட்டைச் சட்டத்தோடு எடுத்திருந்தால் இன்னும் வசதி.

வானவில் நிறம் வெள்ளிக் காசில் இயற்கையாகவே வரும். ஓரத்தில் தொடங்கி உள்ளே போகப் போக மஞ்சள், செம்பு, ஊதா, நீலம் என்று படிப்படியாக மாறும். எழுத்தின் ஓரத்தில் நிறம் தயங்கி வேறுபடும், அடியில் லஸ்டர் உயிரோடு இருக்கும். படிப்படியாக இல்லாமல் மிட்டாய் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தாலோ, கீறலுக்குள்ளேயும் அதே நிறம் இறங்கியிருந்தாலோ, துலக்கியதை மறைக்க யாரோ சுட்டோ மருந்து போட்டோ நிறம் ஏற்றியிருக்கலாம். இதில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள், அதிக விலை கொடுக்காமல் இருப்பது நல்லது.

சமதளம் கறுப்பு, முகம் மட்டும் வெள்ளை

ப்ரூஃப் காசாக, அதாவது சேகரிப்பவர்களுக்கென்றே மெருகேற்றிய அச்சில் அடித்த காசாக இருக்கலாம். கண்ணாடி மாதிரித் தளம் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். அதே காசு இன்னொரு கோணத்தில் வெளுத்துத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு நாளிதழை எதிரே பிடித்து, எழுத்து காசில் பிரதிபலிப்பதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

விளிம்பைக் காட்டவே மாட்டேன் என்கிறார்

இதில் நம்மவர்கள் கூடுதலாக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காசுமாலையும் டாலரும் போட்டுப் பழகிய சமூகம் நாம். காந்தி பத்து ரூபாய் அளவுள்ள வெள்ளிக் காசை ஆசாரியிடம் கொடுத்து, மேலே வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்திருப்பார்கள். பிற்பாடு வளையத்தை எடுத்துவிட்டு விற்பார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. விளிம்பில்தான் பற்றாசு உருகிய தடம் இருக்கும், பன்னிரண்டு மணி இடத்தில் வரிகள் மழுங்கியிருக்கும். அரம் போட்டிருந்தால் அந்த இடம் மட்டும் லேசாகத் தட்டை. ஆகவே விளிம்பை நாலு பக்கமும் படம் கேளுங்கள். கூடவே டிஜிட்டல் தராசில் வைத்து ஒரு படம். பதினைந்து கிராம் காசு பன்னிரண்டரை காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வார்ப்பில் செய்த போலியும் விளிம்பில் மாட்டும். இரண்டு அரையை ஒட்டின மாதிரி நடுவே ஒரு கோடு ஓடும். எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக இந்தியா 1995-இல் வெளியிட்ட வள்ளுவர் காசுக்கு நம்மிடையே தனி மவுசு உண்டு. முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில்தானே நடந்தது! அந்த ஆசையைத் தெரிந்துகொண்டு அநியாய விலை சொல்பவர்களும் இருக்கிறார்கள். புழக்கத்துக்காக அடித்த காசு அது. அந்த விலைக்கு விளிம்புப் படமாவது கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் கூட்டுக்குள், தரம் போட்டு இருக்கிறது

காசுக்குத் தரம் போட்டுக் கூட்டில் அடைத்துத் தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் கூடு என்றால் சீட்டில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பல காசுகளுக்கு அங்கேயே படமும் இருக்கும். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஏனென்றால் நிஜ எண்ணைப் போட்ட போலிக் கூடும் உண்டு. படத்தில் உள்ள ஏதாவது ஒரு வடுவைப் பிடித்துக்கொண்டு, அது இரண்டு படத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் எண்ணுக்குப் பதில் 'டீட்டெயில்ஸ்' என்று இருந்தால் துலக்கியது, கீறியது மாதிரி ஏதோ கோளாறு அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தம்பியின் காசுக்கு வருவோம். அதைப் பெரிதாக்கியதும் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தது. அது காசில் இல்லை, கைப்பேசி தானாகவே படத்தைக் கூராக்கிய வேலை. இப்படிக் கூராக்கிய படத்தில் மயிர்க்கீறல் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வீடியோ கேட்கச் சொன்னேன். ஏலம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது வந்தது. மேசை விளக்கின் கீழே ஒளி எழுத்துகளின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து, துங்குவின் கன்னத்தில் நின்றுவிட்டது. மறுபடி சாய்த்தபோதும் அங்கேதான் நின்றது.

"கன்னத்துல தேய்ஞ்சிருக்குடா. ஆனா துலக்கல. அதுக்கு ஏத்த விலைன்னா வாங்கு" என்றேன்.

"எவ்வளவு போகலாம்ணே?"

சொன்னேன். அதை விடப் பதினைந்து வெள்ளி கூடுதலாகக் கேட்டு வாங்கிவிட்டான்.